திக்காத மொழி

1

சென்ற வாரம் நான் திக்காமல் பேசுவதை முதல்முறையாகப் பார்த்தேன்.

எங்கள் நிறுவனத்தில் வருடத்துக்கு ஒருமுறை பன்முகத்தன்மை வாரம் என்று ஒன்று கொண்டாடுகிறார்கள். ஆண்களும் பெண்களும், பல மதத்தவரும் பல மொழிக்காரரும், உடலில் ஏதாவது குறை உள்ளவர்களும் இங்கே ஒன்றாக வேலை செய்கிறோம் என்று ஊருக்குச் சொல்கிற வாரம். சுவரெல்லாம் வண்ண வண்ணமாகப் படங்கள் ஒட்டுவார்கள், கேன்டீனில் கேக் வெட்டுவார்கள். இந்தமுறை மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் என் மேசைக்கு வந்து, உங்களைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ எடுக்க வேண்டும் சார் என்றாள். சட்டப் பிரிவில் பழைய ஆள் நான், வாய் திக்கும். அவள் தேடிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட ஒருவரைத்தான். அதை அவள் எவ்வளவோ நாசூக்காகச் சொன்னாள். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

கேமராவுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல எல்லா இடத்திலும் மாட்டிக்கொண்டேன். சில வார்த்தைகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. படம் பிடித்த பையன் முகம் சுளிக்கவில்லை. வீடியோ வெளியானபோது பார்த்தால், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் முகத்தோடு ஒரு மனிதர் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுகிறார். திக்கிய இடங்களையெல்லாம் யாரோ பொறுமையாக உட்கார்ந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

அதை என் அக்காவின் மகன் எங்கிருந்தோ பிடித்து, ஆலங்குளத்தில் இருக்கிற அக்காவுக்குக் காட்டிவிட்டான். மறுநாள் காலையில் போன் வந்தது.

"ஏலே தம்பி, ஒனக்குச் சரியாயிட்டாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ." குரல் உடைந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

இல்லக்கா என்று சொல்ல வேண்டும். 'இ'யிலேயே அடைத்துக்கொண்டது. போனின் இந்தப் பக்கம் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தப் பக்கம் அவளுக்கு அதுவே பதிலாகிவிட்டது. "சரி, சரி. விடு" என்று வைத்துவிட்டாள்.

வீடியோவில் வெட்டிப் போட்டதையெல்லாம் ஊரில் உள்ளவர்களுக்கு எழுதிவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை.

2

என் அப்பா பஸ் கண்டக்டர். தென்காசித் தடத்தில் அவர் ஒரு குரல் கொடுத்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். அப்படிப்பட்டவருக்கு நான் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொன்னவாயன் என்று பெயர். பாலமுருகன் என்ற சொந்தப் பெயரைச் சொல்வதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

என்னைச் சட்டம் படிக்க வைத்தது அப்பாவின் ஆசை. கறுப்புக் கோட்டைப் போட்டால் நாக்கு தானாக வந்துவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். படித்து முடித்து, மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வாய்தா கேட்க வேண்டியிருந்தது. சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார், இன்னொரு தேதி வேண்டும் என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வரிக்கு முன்னால் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். நீதிபதி நல்ல மனிதர். வழக்குக் கட்டைப் புரட்டியபடி, "உங்க சீனியரையே வரச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு சீனியர் என்னை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பிராது எழுதினேன், குத்தகை ஒப்பந்தம் எழுதினேன், பங்குதாரர் பத்திரம் எழுதினேன். சில நாள் நானாகவே போய் நீதிமன்றத்தில் பின்பெஞ்சில் உட்காருவேன். நான் எழுதிய வரிகள் மற்றொருவர் வாயில் ஆறுபோல ஓடுவதைக் கேட்பேன். ஊரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா ஏற்கெனவே போர்டு மாட்டிவிட்டார்: வழக்கறிஞர் என்று, என் பெயருக்குக் கீழே.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருந்த ஒரு வகுப்புத் தோழன், ஐதராபாத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக வருகின்றன, அவர்களுக்கு ஒப்பந்தம் படிக்க ஆள் வேண்டும் என்று எழுதினான். நீதிமன்றமே ஏறாமல் ஒரு வக்கீல் இருக்க முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் ஒரு தாள், கம்பெனிச் சட்டம் ஒரு தாள். பரீட்சை எழுதிவிட்டு மறந்தவை. இரண்டையும் எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். தோழன் அனுப்பிய பழைய ஆங்கில ஒப்பந்தங்களின் நகல்களை வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதிப் பழகினேன். கம்பெனி வக்கீலாவதற்கு எனக்கு இருந்த வழி அவ்வளவுதான். சிபாரிசும் கிடையாது, பெரிய கல்லூரிப் பெயரும் கிடையாது. விண்ணப்பித்ததில் ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

3

சட்டப் பிரிவின் தலைவர் வசுந்தரா மேடம். கர்னூல்காரர். கைத்தறிப் புடவை, பெரிய கண்ணாடி. பெயர் என்ன என்று கேட்டார்.

'பா'வில் நின்றுவிட்டேன். இப்படி நின்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே இருப்பவர் காகிதத்தைப் பார்ப்பார், பாலமுருகன்தானே என்று அவரே முடித்து வைப்பார். உதவி என்று நினைத்துத்தான் செய்வார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து என் வார்த்தைகளை மற்றவர்கள் முடித்துக் கேட்டுக் கேட்டு, எனக்கென்று ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை என்ற எண்ணம் வந்துவிட்டிருந்தது. வசுந்தரா மேடம் காகிதத்தைப் பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் தெலுங்குக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, "மெல்லகா செப்பண்டி. நேனெக்கடிகீ போனு" என்றார். அப்போது எனக்கு ஒரு சொல் தெலுங்கு தெரியாது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். மெதுவாகச் சொல்லுங்கள், நான் எங்கும் போய்விட மாட்டேன்.

பெயரைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

அதற்குமேல் அவர் பேச்சில் சோதிக்கவில்லை. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் பழைய ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து உறுத்துகிற இடங்களை எழுதிவரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படித்தார். இரண்டு இடங்களில் ஏன் என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். வேலை கிடைத்தது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே என் பதிவை நிறுத்திவைக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விண்ணப்பம், அதோடு இணைக்க இன்னொன்று, கம்பெனியின் சான்று, நோட்டரி கையெழுத்து. பதிவு பெற ஒருமுறை அலைந்தேன். அதை நிறுத்திவைக்க அதைப் போல இரண்டு மடங்கு அலைந்தேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்போ நீ வக்கீல் இல்லியா?" என்று கேட்டார். வக்கீல்தான், ஆனால் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் என்றேன். ஆனால் அவர் போர்டைக் கழற்றவில்லை.

4

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டாவது மாடியில் வீடு பிடித்தோம். மனைவி செல்வி கோவில்பட்டிக்காரி. மகன் கதிருக்கு அப்போது நான்கு வயது. செல்வி தள்ளுவண்டிக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் ஆறே மாதத்தில் தெலுங்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் தடுமாற்றம். ஒருமுறை வசுந்தரா மேடம் ஓர் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைக் காட்டி, "இதி அவசரம் லேது" என்றார். அவசரமில்லை, மெதுவாகப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஷரத்தை அழகாகச் செப்பனிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லை, எடுத்துவிடு என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். வசுந்தரா மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த அலுவலகத்தில் என்னோடு சேர்ந்து சிரித்த முதல் ஆள் அவர்.

பக்கத்து மேசையில் ஃபர்ஹானா. சார்மினார் பக்கம் பழைய நகரத்துப் பெண், தலையை மூடிய துணியோடு வருவாள், ஆங்கிலம் கண்ணாடி மாதிரி பேசுவாள். வாடிக்கையாளருடன் தொலைபேசிக் கூட்டம் என்றால் நாங்கள் இருவரும் ஒரு கணினிக்கு முன்னால் உட்காருவோம். நான் தட்டச்சு செய்வேன், அவள் அதைப் பேசுவாள், நடுவில் அவள் யோசனையையும் சேர்த்துக்கொள்வாள். இது என் வாதம், இது பாலமுருகனின் வாதம் என்று பிரித்தே சொல்வாள். மற்றொருவர் வாயில் என் வரிகளைக் கேட்டது அது முதல்முறை அல்ல. அவற்றோடு என் பெயரும் வந்தது அதுதான் முதல்முறை.

வேலையில் நான் சீக்கிரம் தேறினேன். அதற்குக் காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். திக்குகிறவன் எப்போதும் இரண்டு வாக்கியம் முன்னால் பார்த்துக்கொண்டே பேசுவான். அதோ அந்தச் சொல்லில் மாட்டுவோம் என்று தெரிந்ததும் வேறு சொல்லைக் கையில் எடுத்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்து அதைச் செய்து செய்து எனக்குப் பழகிவிட்டது. ஒப்பந்தம் எழுதுவதும் அதேதான். இன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துக் கை குலுக்கும்போதே, நாளை எந்தச் சொல்லில் சண்டை வரும் என்று பார்த்து, அந்தச் சொல்லை மாற்றி வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் எந்தக் குறை என்னை வெளியே தள்ளியதோ, அதுவே இங்கே எனக்குச் சோறு போட்டது.

ஒரு கால் சென்டர் ஒப்பந்தம் வந்தது ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊழியர்களில் யாருடைய பேச்சுத் தெளிவாக இல்லை என்று வாடிக்கையாளர் நினைக்கிறாரோ, அவரை எந்தக் காரணமும் சொல்லாமல் அந்தப் பணியிலிருந்து எடுக்கச் சொல்லலாம் என்று அதில் ஒரு வரி. வியாபாரப் பிரிவு அதைத் தாண்டிப் போயிருந்தது, நிதிப் பிரிவும் தாண்டிப் போயிருந்தது. பேச்சு சரளமாக வருகிறவர்களுக்கு அதில் கண் நிற்காது. எனக்கு நின்றது. அந்த வேலைக்கு வருகிறவர்கள் அனந்தபூரிலிருந்தும் அதிலாபாத்திலிருந்தும் முதல்முறை ஆங்கிலம் பேசி வருகிற பிள்ளைகள். காரணம் எழுதித் தர வேண்டும், பயிற்சிக்கு அவகாசம் தர வேண்டும், அதன் பிறகுதான் எடுக்கலாம் என்று மாற்றி எழுதினேன். இதற்காக ஒப்பந்தமே போய்விடும் என்று வியாபாரப் பிரிவு சத்தம் போட்டது. வசுந்தரா மேடம் அசையவில்லை. ஃபர்ஹானா தொலைபேசியில் அதைப் பேசி வாங்கினாள். ஒப்பந்தம் போகவில்லை.

அன்றைக்கு வசுந்தரா மேடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. ஓர் அறையில் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் எல்லோரும் ஒரே குழியைப் பார்க்காமல் விடுவார்கள் என்றார். பலவகை மனிதர்கள் ஓரிடத்தில் ஏன் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட எளிய காரணத்தை நான் கேட்டதில்லை. சுவரில் ஒட்டும் படங்களில் அது இருப்பதில்லை.

5

கதிருக்குத் திக்க ஆரம்பித்தது எப்போது என்று எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் நானும் செல்வியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்தோம். 'த'வில் நின்றான், 'ப'வில் நின்றான். அப்பா என்று கூப்பிட வந்தவன் 'அ'வோடு நின்று, கையால் என் சட்டையை இழுத்தான். என் வாயில் இருந்த வலி அவன் வாய்க்குப் போய்விட்டதை நின்று பார்த்தேன்.

ஒரு மாலை பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவுட்டா இல்லையா என்று சண்டை. அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்க, ஒரு இடத்தில்கூட நிற்காமல், தெலுங்கில் ஒரு குரல் வாதாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கதிர். செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

செகந்திராபாத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி டாக்டரிடம் கூட்டிப் போனோம். இளவயது அம்மாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டானா என்றுதான் முதலில் கேட்டேன். அப்படியெல்லாம் வராது, குடும்பத்தில் ஓடுவது உண்டு, உங்கள் தப்பு இல்லை என்றார். இரண்டு மொழி பேசுகிற குழந்தைகளில் சிலர் ஒன்றில் அதிகம் மாட்டுவார்கள், இன்னொன்றில் லேசாக இருப்பார்கள் என்றார். இப்போதைக்கு எந்த மொழி அவனுக்குச் சுலபமோ அதில் பேச விடுங்கள், வற்புறுத்தாதீர்கள். தமிழ் பின்னால் வரலாம் என்றார். 'வரலாம்' என்பதை எங்கள் தொழிலில் வராமலும் போகலாம் என்றுதான் படிப்போம்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுப் பூட்டைத் திறந்த பிறகு செல்வி கேட்டாள்.

"நான் பெத்த பிள்ளைகிட்ட நான் அடுத்த ஊரு பாஷையிலதான் கொஞ்சணுமா?"

அடுத்த நாள் காலை அவனைப் பள்ளிக்கு எழுப்பும்போது தெலுங்கில் எழுப்பினாள்.

அவன் தேறினான், அது உண்மை. ஒரு வருடத்தில் வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தான். என்னை நான்னா என்று கூப்பிட்டான். நாவுக்கு இதமான சொல், எங்கும் மாட்டாது. அம்மா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்பது மட்டும் செல்விக்கு மிஞ்சியது. தமிழ் அவனுக்குப் புரியும். நானும் செல்வியும் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சிரிப்பான், பதிலைத் தெலுங்கில் சொல்வான். ஊரிலிருந்து அக்கா போன் செய்தால் வேறு அறைக்குப் போய்விடுவான்.

"அத்தகிட்ட ரெண்டு வார்த்த தமிழ்ல பேசினா கொறஞ்சா போயிருவான்?" என்று அக்கா கேட்பாள். நான் விளக்கினேன். ஒரு மொழியில் திக்குமாம், இன்னொன்றில் திக்காதாம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. சாக்கு என்றே நினைத்தாள்.

அப்பா இறந்தபோது மூவரும் ஊருக்குப் போனோம். கதிருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. துட்டி வீட்டில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் உறவினர், ஐதராபாத் துரைக்குத் தமிழ் வராதோ என்று கேட்டார். பையனுக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அக்காவின் அருகே போய் நின்று, தாத்தா என்று தொடங்கும் ஏதோ ஒரு வாக்கியத்தைச் சொல்ல முயன்றான். அந்தச் சொல்லிலேயே 'தா'வில் சிக்கிக்கொண்டான். தா, தா, தா என்று போய்க்கொண்டே இருந்தது. சிறுபிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். துக்க வீட்டில் சிரிப்பை அடக்கப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திரும்பும்போது ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான்னா, நேனு இக ரானு" என்றான். நான் இனிமேல் வர மாட்டேன்.

சொன்னபடியே அவன் பிறகு வரவில்லை. அதிலிருந்து வீட்டில் நானும் செல்வியும்கூடத் தெலுங்கிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

6

ஊரெங்கும் வேலைகள் ஆட்டம் கண்ட அந்த வருடத்தில் எங்கள் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. இணைப்பு ஒப்பந்தத்தில் எங்கள் பக்கத்து வேலை முழுவதையும் வசுந்தரா மேடம்தான் பார்த்தார். இரண்டு நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே சட்டத் தலைவர் பதவி வந்தபோது, அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மும்பையிலிருந்து வேறொருவர் வந்தார். உலக அளவில் பேசிப் பழகியவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். வசுந்தரா மேடத்தின் ஆங்கிலம் கர்னூல் வாசனையோடு இருக்கும்.

புதியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேகம் வேண்டியிருந்தது. சட்டப் பிரிவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாடிக்கையாளருடன் கூட்டம் நடத்த வேண்டும், ஒரு வேலைக்கு இரண்டு பேர் உட்காரக் கூடாது என்றார். கூட்டங்கள் அமெரிக்க நேரத்துக்குப் போயின. ஃபர்ஹானாவின் வீடு பழைய நகரத்தில். இணைப்புக்குப் பிறகு நாங்கள் மாறிப்போன புது அலுவலகம் நகரத்துக்கு மறுகோடியில். பின்னிரவில் வீடு திரும்ப வண்டி கேட்டாள். ஒவ்வொரு நாளும் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். சில வாரம் கேட்டுப் பார்த்தாள்.

"ரோஜ் ரோஜ் பூச்னா நக்கோ, பாய்" என்றாள் என்னிடம் ஒருநாள். தினம் தினம் கேட்டு நிற்க எனக்கு வேண்டாம், அண்ணா. அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். மெஹதிப்பட்டணத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருவதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

வசுந்தரா மேடம் அதற்கு முன்பே ராஜினாமா கொடுத்திருந்தார். அவருடைய கடைசி நாளில் பிரிவு உபசாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு எதிரே நின்றார். கீழே கார் வந்து காத்திருக்கிறது என்று வாட்ச்மேன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வாரமாக மனதில் எழுதி வைத்திருந்தேன், தெலுங்கில். நீங்கள் என் வார்த்தையை ஒருநாளும் முடித்து வைத்ததில்லை. அவ்வளவுதான். அது முதல் சொல்லிலேயே அடைத்தது. லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போனது. மறுபடி வந்தது. பெட்டியின் கனம் அவர் கையில் தெரிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்த பிறகு தலையை ஆட்டினார். அப்புறம்தான் லிஃப்டில் ஏறினார்.

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கூட்டங்களில் பேச வேண்டாத இடமாகப் பார்த்து, முடிந்துபோன ஒப்பந்தங்களைப் பிரித்து அடுக்கும் பணிக்கு மாற்றினார்கள். கண்ணாடிச் சுவர், நல்ல நாற்காலி. உங்களுக்கு இதுதான் சௌகரியமாக இருக்கும் என்றார் புதியவர், மனதாரவே. புது ஒப்பந்தங்கள் என் கைக்கு வருவதில்லை. கால் சென்டர் ஒப்பந்தத்தின் புதிய பதிப்பு காலாவதியாகி என்னிடம் வந்தபோது பார்த்தேன். பேச்சுத் தெளிவு பற்றிய வரி முன்பிருந்தபடியே திரும்பி வந்திருந்தது. காரணம் கேட்க வேண்டியதில்லை, பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. அதைப் படித்தவர்களில் யாருக்கும் அங்கே கண் நின்றிருக்காது.

இப்போது எங்கள் பிரிவில் முன்னைவிட ஆள் அதிகம். எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள்.

7

இந்த ஜூலையில் கதிர் சட்டம் படிக்கப் போனான். ஐந்து வருடப் படிப்பு, வடக்கே ஒரு ஊரில். நுழைவுத் தேர்வில் நல்ல இடம் வாங்கியிருந்தான். உன்னைப் போல உட்கார்ந்து எழுதப் போவதில்லை நான்னா, நீதிமன்றத்தில் நின்று வாதாடப் போகிறேன் என்று என்னிடம் தெலுங்கில் சொன்னான். அவன் ஆங்கிலமும் தங்குதடையில்லாமல் ஓடும். உங்க அப்பா இருந்திருந்தால் என்று செல்வி சொல்ல வந்து, பாதியில் விட்டுவிட்டாள்.

சேர்க்க நாங்களும் போயிருந்தோம். கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தாய்மொழி என்ன என்று கேட்டபோது கதிர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "தமிழ்" என்றான். அந்த ஒரு சொல் எங்கும் நிற்காமல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று குமாஸ்தா ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றான். பேசவாவது தெரியுமா என்றார். அவன் இல்லையென்று தலையாட்டினான். குமாஸ்தா ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

விடுதியில் அவனுடைய பெட்டியை வைத்தோம். செல்வி படுக்கை விரித்துக் கொடுத்தாள். வாசல் வரை வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, ஜாக்கிரதையாகப் போங்கள் என்று தெலுங்கில் சொன்னான். வாரத்துக்கு ஒருமுறை போன் செய் என்றாள் அவள். சரி என்றான். ஆனால் எனக்குப் போனில் பேசுவது எவ்வளவு கடினம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் எனக்குச் செய்தி அனுப்புகிறான், ஆங்கிலத்தில், இரண்டு மூன்று வரி. சாப்பாடு பரவாயில்லை. வகுப்பு நன்றாகப் போகிறது. மாதிரி நீதிமன்றப் போட்டியில் தேர்வாகிவிட்டேன்.

ரயிலில் திரும்பும்போது செல்வி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே வீட்டுல நாம தமிழ்லயே பேசிக்கிடலாம், என்னங்க."

ஆமாம் என்றேன். அவனுக்காகத்தானே இத்தனை வருடம். இப்போது யாருக்காகவும் அடக்கி வைக்க வேண்டியதில்லை. அவளுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது போலத் தெரிந்தது. எனக்கும் இருந்தது.

வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கதிரின் அறையை நான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்குபடுத்த அங்கே அதிகம் இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. சமையலறையிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள்.

"அன்னம் பெட்டனா?"

"பெட்டு" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் நிலைப்படியில் நின்றாள். நானும் நிமிர்ந்தேன். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சாப்பாடு போடவா என்று அவள் தமிழில் மாற்றிக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மேசையில் தட்டை வைத்தாள், சோற்றைப் பரிமாறினாள், எதிர் நாற்காலியில் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நாங்கள் எந்த மொழியிலும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.